நசரானா நாணயமும் புழக்க நாணயமும்

முகலாயர் காலப் புழக்க ரூபாயில் பொறிப்பு முழுமையாகப் பதிவது அரிது. அச்சு பெரியது, வெள்ளி வில்லை சிறியது. ஆகவே அரசர் பெயர், ஆண்டு, அக்கசாலைப் பெயர் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று விளிம்பில் அறுபட்டிருக்கும். அரசருக்குக் காணிக்கையாக அளிக்கவென அடிக்கப்பட்ட நசரானா நாணயத்திலோ வில்லை அகன்றது. வாசகம் முழுவதும் பதியும்.

ஜெய்ப்பூரில் இவ்வழக்கம் 1949 வரை நீடித்தது. அங்கு நசரானாவின் எடை ஏறத்தாழ ரூபாயின் எடையே. வில்லை மட்டும் அகன்று மெலிந்திருக்கும்.

கைமாறிய தேய்மானமும், வெள்ளியைச் சோதித்த சராப்புகள் இட்ட குறிகளும் நசரானாவில் அரியவை. எனவே பொறிப்பைப் படிக்க அது சிறந்த சான்று. சந்தையை அறியப் புழக்க நாணயமே சான்று. தேயாத காணிக்கை நாணயத்தைப் புழக்க நாணயமாகக் கொண்டால், அக்காலப் பணப்புழக்கம் பற்றிய கணிப்பே தவறிவிடும்.