ஐக்கிய நாணய சங்கமும் அளவெட்டிக் கமக்காரரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் உள்ள அளவெட்டி, நாதஸ்வரமும் தவிலும் வளர்த்த ஊரெனப் பெயர் பெற்றது. கும்பழாவளைப் பிள்ளையார் கோவில் திருவிழாவில் அவ்விசையைக் கேட்டு மகிழ்ந்தோர் பலர். அவ்வூர்த் தோட்டங்களில் கிணற்று நீரிறைத்துப் பயிர் செய்த கமக்காரரின் கடன் கணக்கைப் பற்றி எண்ணியோர் சிலரே.

குடாநாட்டின் புகையிலைக்கு நெடுங்காலம் திருவிதாங்கூரே பெருஞ்சந்தை. நடுகைக்கு முன்னரே எருவுக்கும் கூலிக்கும் பணம் வேண்டும். விற்பனையோ பல மாதங்களின் பின்னர். முற்பணம் கொடுத்தவனே பெரும்பாலும் விலையையும் தீர்மானித்தான்.

இந்நிலைக்கு மாற்றாகவே 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழி ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றின. ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் வகுத்த முறையே அவற்றுக்கு அடிப்படை. அம்முறையில் அங்கத்தவர் பொறுப்புக்கு எல்லை இல்லை. ஒருவர் கடனைத் தவறவிட்டால் ஏனையோரின் சொத்தும் ஈடாகும். கொடுமையான விதியெனத் தோன்றலாம். ஆயினும் வாங்கிய பணம் மாட்டுக்குச் சென்றதா, கலியாணச் செலவுக்குச் சென்றதா என்பதை அயல்வீட்டார் அறியாதிருக்க முடியாது. எந்தக் கணக்குப் பரிசோதகருக்கும் வாய்க்காத கண் அது.

தனிச் சங்கத்தின் கைமுதல் சிறிது. ஆதலின் 1929 இல் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு மாகாண வங்கி அமைந்தது. அது தனி மனிதரை நாடாது சங்கங்களுக்கே கடன் வழங்கியது. சங்கங்களே அதன் பங்காளிகளுமாயின. கடன் கொடுப்போனும் வாங்குவோனும் ஒருவரையொருவர் கேள்வி கேட்கக்கூடிய நிலை இதனால் உண்டாயிற்று. 1934 இல் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கமும், 1936 இல் மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலையும் எழுந்தன. பல நிறுவனங்கள் கைகோக்கும்போது, இடையிலே பணம் குறைந்தால் எவர் பதில் சொல்வது என்ற வினா எழாமற் போகாது. கூட்டுறவுத் திணைக்களத்தின் கணக்குப் பரிசோதனையும், அங்கத்தவர் பொதுக்கூட்டமும் அதற்கு விடையாக வைக்கப்பட்டன. முன்னது எழுத்தைப் பார்த்தது. பின்னது ஆளைப் பார்த்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பங்கீட்டுப் பொருள் வழங்குவதற்காக இலங்கையெங்கும் ஐக்கிய பண்டகசாலைகள் விரைந்து பெருகின. அரிசிக்காகச் சேர்ந்தவர்களிற் பலர் கூட்டத்துக்கு வரவில்லை. சங்கம் அரசாங்கத்தின் கடையென்ற எண்ணம் அன்றுதான் வேரூன்றியது.

1957 இல் அமைச்சர் பிலிப் குணவர்த்தன பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களைத் தொடக்கினார். நாணய சங்கங்கள் பல அவ்வடிவத்துக்கு மாறின. பின்னர் 1971 இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சங்கங்கள் ஒன்றாக்கப்பட்டு, நாடு முழுவதற்கும் 372 பெருஞ்சங்கங்களாயின. லொறியும் களஞ்சியமும் சம்பள உத்தியோகத்தரும் கொண்ட சங்கங்களுக்கு இவ்விணைப்பு நன்மையே. ஆனால் இயக்குநர் சபைகளில் நியமனம் பெற்றோர் பெரும்பான்மையாயினர். முன்பு தன் ஊர் மண்டபத்திலே எழுந்து காரியதரிசியைக் கேள்வி கேட்ட கமக்காரர், இப்பொழுது பல ஊர்களுக்குப் பொதுவான சங்கத்தின் கிளையொன்றில் வாடிக்கையாளராக வரிசையில் நின்றார். கணக்கு முன்னிலும் பெரிதாயிற்று. அதைப் படித்துப் பார்க்கும் உரிமை இருந்தும், படிப்பதற்கான காரணம் அவருக்குக் குறைந்துபோயிற்று.

இது வடக்குக்கு மட்டும் நேர்ந்ததன்று. தெற்கிலும் பழைய சிக்கன, கடனுதவிச் சங்கங்கள் சோர்ந்திருந்தன. 1978 இல் கேகாலை மாவட்டத்து வல்கம கிராமத்தில் பி. ஏ. கிரிவந்தெனிய அவற்றுள் ஒன்றை மீண்டும் உயிர்ப்பித்தார். அங்கே அங்கத்தவர் அனைவரும் ஒருவரையொருவர் முகமறிந்த அயலவராகவே இருந்தனர்.