எதை வெளியேற்றுவது?

வட்டிலிருந்து ஒருமுறை படித்த கோப்பின் பகுதியைக் கணிப்பொறி உடனே கைவிடுவதில்லை. மீண்டும் கேட்கப்படலாம் என்று வேகமான நினைவகத்தில் ஒரு படியை வைத்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் கேஷ். அதில் இடம் குறைவு. நிரம்பிய பின் புதியது நுழையவேண்டுமானால் பழையது ஒன்று வெளியேறவேண்டும். எது? இந்தக் கேள்வி கோப்புகளுக்காக எழும்முன்பே நினைவகத்துக்காக எழுந்துவிட்டது.

1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணிப்பொறியின் விரைவு நினைவகம் 16,384 சொற்கள் கொண்டது (இங்கே சொல் என்பது 48 பிட் கொள்ளும் ஓர் அறை; தொல்காப்பியர் கூறும் சொல் அன்று). அதன் பின்னே 98,304 சொற்கள் கொண்ட, மெதுவான காந்த உருளை. டாம் கில்பர்ன் குழுவினர் இரண்டையும் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்தனர். ஒரு பக்கம் இப்போது எவ்வளவு நேரமாகத் தொடப்படாமல் கிடக்கிறது, சென்றமுறை எவ்வளவு நேரம் கிடந்தது என்ற இரண்டையும் குறித்துவைத்தனர். சென்றமுறையினும் நீண்டு கிடந்தால் அதன் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். அப்படி ஒன்றும் இல்லையெனில், எதன் முறை வருவதற்கு அதிக நேரம் இருக்கிறதோ அது வெளியேறும். முதல் முயற்சியே எதிர்காலத்தைக் கணிக்கத் துணிந்தது என்பதுதான் வியப்பு.

ஹங்கேரியில் பிறந்து ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய லாஸ்லோ பெலாடி, மிகத் தாமதமாகத் தேவைப்படப்போகும் பக்கத்தை வெளியேற்றுவதே உத்தமமான முறை என்று 1966இல் எழுதினார். வரப்போவதை யார் அறிவார்? ஆகவே அது, நடந்து முடிந்த பின் பிற முறைகளை அளந்துபார்க்கும் முழக்கோலாக மட்டுமே பயன்படுகிறது. நடைமுறையில் நிலைத்தது எளிய விதி: நெடுநேரம் தொடப்படாதது போகட்டும்.

வந்த வரிசைப்படியே வெளியேற்றலாமே எனத் தோன்றும். 1969இல் பெலாடியும் இரு சக ஆய்வாளர்களும் அதிலுள்ள விபரீதத்தைக் காட்டினர். 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்று பக்கங்கள் கேட்கப்படுவதாகக் கொள்வோம். மூன்று இடங்கள் இருந்தால் 9 முறை வட்டுக்குப் போகவேண்டும். நான்கு இடங்கள் இருந்தால் 10 முறை! தாளில் போட்டுப் பாருங்கள்.

நெடுநேரம் தொடப்படாததை நீக்கும் விதிக்கும் ஒரு குறை உண்டு. பெரிய கோப்பு ஒன்றை ஒரே ஒருமுறை முழுதும் படித்தால் போதும், அன்றாடம் வேண்டியவை அத்தனையும் அடித்துச் செல்லப்படும். 2003இல் ஐ.பி.எம்.மின் நிம்ரோட் மெகிடோ, தர்மேந்திர மோதா இருவரும் இதற்கு மாற்றாக ஆர்க் என்ற முறையை வெளியிட்டனர். ஒருமுறை மட்டும் கேட்கப்பட்டவை ஒரு பட்டியலிலும், மீண்டும் கேட்கப்பட்டவை வேறொன்றிலும் இருக்கும். வெளியேற்றப்பட்டவற்றின் பெயர்கள் மட்டும் சிறிது காலம் நினைவில் வைக்கப்படும். போனதையே யாரேனும் கேட்டால், அது எந்தப் பட்டியலிலிருந்து போனதோ அதற்கு இடம் கூடும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2005 ஜனவரியில் ஆர்க் முறையை ஏற்றது. ஐ.பி.எம். அதற்குக் காப்புரிமை கோரியிருந்ததால் ஏப்ரலிலேயே கைவிட்டது. மறக்கும் முறைக்கும் உரிமையாளர் உண்டு போலும். சன் நிறுவனத்தின் இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமையிலோ அது சிறு மாற்றங்களுடன் இடம்பெற்றது, இன்றும் இருக்கிறது.