பாப் சிங்க்லார்

பாப் சிங்க்லார் பிரான்ஸைச் சேர்ந்த ஹவுஸ் இசை டிஜே, இசைத் தயாரிப்பாளர். இயற்பெயர் கிறிஸ்டோஃப் லு ஃப்ரியான். பிறந்தது 1969 மே 10. மேடைப்பெயர் ஒரு சினிமாவிலிருந்து வந்தது. 1973இல் வெளியான 'லு மான்யிஃபிக்' என்ற நகைச்சுவைப் படத்தில் நடிகர் பெல்மோண்டோ ஓர் எழுத்தாளராக வருவார். அந்த எழுத்தாளரின் மலிவு நாவல்களில் பெண்கள் மயங்கும் உளவாளிக்குப் பெயர் பாப் சென்-க்லார். அதைச் சற்றே மாற்றி லு ஃப்ரியான் சூட்டிக்கொண்டார். படத்தில் போலவே இங்கும் கற்பனை நாயகன் தன்னைப் படைத்தவரை மறைத்துவிட்டான்.

1994இல் டிஜே யெல்லோவுடன் சேர்ந்து 'யெல்லோ புரொடக்‌ஷன்ஸ்' என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது 'தி மைட்டி பாப்' என்ற பெயரில் ஹிப் ஹாப், ஜாஸ் கலந்த மெதுவான இசையைச் செய்துகொண்டிருந்தார். சிங்க்லார் என்ற பெயர் பரவலாகத் தெரியவந்தது 1998இல், 'பாரடைஸ்' தொகுப்பு வழியாக. அதிலுள்ள 'ஜிம் டானிக்' பாட்டை டாஃப்ட் பங்க் இசை இணையரில் ஒருவரான தாமஸ் பங்கால்டருடன் சேர்ந்து உருவாக்கினார். நடிகை ஜேன் ஃபோண்டா தன் உடற்பயிற்சிப் பதிவில் எண்ணிக்கை சொல்லும் குரலே பாட்டின் உயிர். அவர் குரலைப் பயன்படுத்துவது சிக்கலாகிவிட, ஸ்பேஸ்டஸ்ட் என்ற பிரிட்டிஷ் குழு வேறு குரலை வைத்து ஒரு வடிவம் செய்து அதே ஆண்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பந்தி விரித்தவர் ஒருவர், சாப்பிட்டவர் இன்னொருவர்.

பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி, சுழலவிட்டு, அடியில் தாளத்தைக் கூட்டுவதுதான் அன்றைய பாரிஸ் ஹவுஸின் தொழில்நுட்பம். 'ஐ ஃபீல் ஃபார் யூ' (2000) பாட்டுக்கான துண்டு டிஸ்கோ இசைஞர் செர்ரோனிடமிருந்து எடுத்தது.

2005இல் வந்த 'லவ் ஜெனரேஷன்' வேறு வகை. சீழ்க்கையும் கிடாரும் முன்னால் நிற்க, வெயிலர்ஸ் ரெகே குழுவில் பாடிய கேரி பைன் பாடினார். கிளப் வாசலை மிதிக்காதவர்களுக்கும் அந்தச் சீழ்க்கை தெரியும். அடுத்த ஆண்டு ஸ்டீவ் எட்வர்ட்ஸ் குரலில் 'வேர்ல்ட், ஹோல்ட் ஆன்' வந்தது. பழைய ரசிகர்கள் சிலர் இதையெல்லாம் வெறும் பாப் இசை என்று ஒதுக்கலாம். ஆனால் எளிய மெட்டை மனதில் ஒட்டவைப்பது எளிதான வேலை அல்ல.

ஜமைக்காவின் ஸ்லை–ராபி இணையருடன் செய்த 'மேட் இன் ஜமைக்கா' சிறந்த ரெகே தொகுப்புக்கான கிராமி பரிந்துரை பெற்றது. இத்தாலியப் பாடகி ராஃபயெல்லா கார்ராவின் பழைய பாட்டுக்கு சிங்க்லார் தந்த புது வடிவம், 2013இல் வெளிவந்த 'தி கிரேட் பியூட்டி' படத்தின் விருந்துக் காட்சியில் அதிர்கிறது. 2020 ஊரடங்கின்போது வீட்டிலிருந்தே இணையத்தில் நேரலையாக இசைத்தார். 'வேர்ல்ட், ஹோல்ட் ஆன்' பாட்டை 2022இல் ஆஸ்திரேலிய டிஜே ஃபிஷர் மறுகலவை செய்து மீண்டும் நடனத்தளத்துக்குக் கொண்டுவந்தார்.