ஹைடா மக்களின் குலக்குறிக் கம்பங்கள்

கனடா நாட்டின் மேற்குக் கரைக்கு அப்பால், பசிபிக் மாகடலில் ஹைடா குவாய் என்னும் தீவுக்கூட்டம் அமைந்துள்ளது. நெடுங்காலம் குயின் சார்லட் தீவுகள் என்று நிலப்படங்களில் குறிக்கப்பெற்ற இத்தீவுகளுக்கு, 2010-ஆம் ஆண்டிலே, அங்கு வாழும் மக்களின் மொழியில் அமைந்த பெயரே அரசினராலும் ஏற்கப்பட்டது.

1878-ஆம் ஆண்டின் கோடையில், கனடா நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜார்ஜ் மெர்சர் டாசன் என்பார் இங்கு வந்தார். பாறைகளை ஆராய வந்த அவர், ஊர்களையும் நிழற்படம் எடுத்தார். ஸ்கிடிகேட் என்னும் ஊரை அவர் எடுத்த படத்தைக் காண்போம். கடற்கரையை நோக்கி வரிசையாகப் பெரிய மரவீடுகள். அவற்றின் முன்னே வானளாவ நிற்கும் செதுக்குக் கம்பங்கள். காண்போர் வியப்புறுவது இயல்பே. ஆயினும், இக்கம்பங்கள் யாவை என்பதைப் படம் கூறுவதில்லை.

இவை வழிபடு தெய்வங்கள் அல்ல. ஹைடா மக்கள் கழுகு, அண்டங்காக்கை என்னும் இரு பெரும் பிரிவினர். குலம் தாய்வழியே வருவது. கரடி, கொலைத் திமிங்கிலம், தவளை முதலிய உருவங்களுள் இன்னின்னவற்றைச் செதுக்கும் உரிமை இன்ன குடும்பத்திற்கே உண்டு என்பது அவர்தம் சட்டம். சிவப்புத் தேவதாரு என்று வழங்கும் மரத்தில் இவ்வுருவங்கள் செதுக்கப்பட்டன. வீட்டின் முகப்பில் நிற்பது ஒரு வகை. இறந்தோர் நினைவாக எழுப்புவது மற்றொரு வகை. தலைவரின் உடலை வைத்த பேழையை உச்சியில் தாங்குவது இன்னொரு வகை. கம்பம் நாட்டும்போது பெருவிருந்து நிகழும். விருந்தினர் பெற்ற பரிசில்கள், அவர்கள் அக்குடும்பத்தின் உரிமைக்குச் சாட்சியாயினர் என்பதற்கு அடையாளம். எனவே கம்பம் ஓர் ஆவணம்; விருந்து அதன் சான்றொப்பம்.

டாசன் வருவதற்கு முன்பே இவ்வாழ்வு பேரிடிக்கு உள்ளாகியிருந்தது. 1862-இல் விக்டோரியா நகரில் பெரியம்மை பரவியது. அங்குத் தங்கியிருந்த வடபுல மக்களை அதிகாரிகள் விரட்டினர். அவர்களோடு நோயும் தீவுகளுக்குச் சென்றது. பல ஆயிரம் பேராக இருந்த ஹைடா மக்கள், 1900-ஆம் ஆண்டையொட்டிச் சுமார் 600 பேராகக் குறைந்தனர். எஞ்சியோர் மாசெட், ஸ்கிடிகேட் என்னும் ஈரூர்களில் ஒன்றுகூடினர். ஏனைய ஊர்களில் கம்பங்கள் மட்டுமே நின்றன.

அடுத்து வந்தது சட்டம். விருந்து முறையைக் குற்றமாக்கும் சட்டத்தைக் கனடா 1884-இல் இயற்றியது. 1951 வரை அது நீக்கப்படவில்லை. ஆவணத்திற்குச் சாட்சி சேர்ப்பதே குற்றமாயிற்று. கம்பங்கள் பல வெட்டப்பட்டன. பல தொலைதூரத்து அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. இக்காலத்தில்தான் ரிச்சர்டு மேனார்டு முதலியோரும் தீவுகளைப் படமெடுத்தனர். அழிந்துவரும் ஓர் இனத்தின் எச்சங்கள் என்றே இப்படங்களை வெளியுலகம் நெடுநாள் கருதியது.

அக்கருத்து பிழையென்பதை வரலாறு காட்டிற்று. 1900, 1901-ஆம் ஆண்டுகளில் ஜான் ஸ்வான்டன் என்னும் அறிஞர், ஹைடா முதியோரிடம் கேட்டு வீடுகளின் பெயர்களையும் உரியோரையும் எழுதிவைத்தார். பிற்காலத்தில் ஜார்ஜ் மக்டொனால்டு, அப்பட்டியல்களையும் பழைய நிழற்படங்களையும் ஒப்புநோக்கி, இன்ன வீடு இன்னாருடையது என்று ஊர்தோறும் வரையறுத்து 1983-இல் நூலாக்கினார். முதியோரின் சொல் துணைநின்றதால், பேசாதிருந்த படங்கள் பேசின.

அதற்கு முன்பே அம்மக்களின் உளிகள் மீண்டும் ஒலிக்கத் தொடங்கியிருந்தன. 1969-இல் ராபர்ட் டேவிட்சன் என்னும் இளஞ்சிற்பி செதுக்கிய கம்பம் மாசெட்டில் எழுந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக அவ்வூரில் புதிய கம்பம் நாட்டப்பட்டதில்லை. டாசன் படமெடுத்துச் சரியாக நூறாண்டு கழிந்த 1978-இல், பில் ரீட் செதுக்கிய கம்பம் ஸ்கிடிகேட்டில் நிமிர்ந்தது. 2024-ஆம் ஆண்டில், தீவுகள் முழுவதன்மீதும் ஹைடா மக்களுக்குள்ள நிலவுரிமையைப் பிரிட்டிஷ் கொலம்பியா அரசு ஒப்பந்த வாயிலாக ஏற்றுக்கொண்டது.

மரம் மழையில் நைந்து மண்ணோடு சேரும். அதுவே அதன் இயல்பு என்று ஹைடா மக்கள் கொள்வர். ஆனால் கம்பம் சொல்லிய உரிமை மண்ணோடு சேரவில்லை. பழைய படங்களைக் காணும்போது நாம் நினைவிற்கொள்ள வேண்டுவது அதுவே.