பாஸ்போர்ட்டைக் கொடுத்துச் சட்டை வாங்கியவர்

ஜப்பான்ல பிறந்த ஒருத்தர் இந்திய ஃபுட்பால் டீமுக்கு ஆடியிருக்கார்னு சொன்னா நம்ம ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பாதிப் பேர் நம்ப மாட்டாங்க. கொல்கத்தாவிலும் கொச்சியிலும் போய்க் கேட்டா, பெயரைச் சொன்னவுடனே தெரிஞ்சுப்பாங்க. அவர் பெயர் அராட்டா இசுமி.

1982-ல் ஜப்பானில் பிறந்தவர். அப்பா குஜராத்தி, அம்மா ஜப்பானியர். சிங்கப்பூரில் கொஞ்ச நாள் ஆடிவிட்டு 2006-ல் கொல்கத்தா ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். பிறகு மும்பை மஹிந்திரா யுனைடெட், 2009-லிருந்து புனே எஃப்.சி. நடுக்களத்தில் ஓயாமல் ஓடுகிற ஆள். ரசிகர்களுக்கு ரொம்பவே பிடித்துப் போனது.

சிக்கல் எங்கே வந்ததுன்னா, 2008-ல் மத்திய அரசு கறாரா ஒரு முடிவு எடுத்தது. இந்திய பாஸ்போர்ட் இருந்தால்தான் இந்திய அணி. இந்திய ரத்தம், வெளிநாட்டு வாழ் அட்டை எதுவும் செல்லாது. இரட்டைக் குடியுரிமையும் நம்ம நாட்டில் கிடையாது. ஒண்ணு வேணும்னா இன்னொண்ணை விடணும்.

அராட்டா விட்டார். 2012-ல் இந்தியக் குடிமகனானார், நீல்கண்ட் கம்போல்ஜா என்ற பெயரில்! யோசிச்சுப் பாருங்க. 1998-லிருந்து ஒரு உலகக்கோப்பையைக்கூடத் தவறவிடாத நாட்டின் பாஸ்போர்ட் அது. அன்னிக்கு ஃபிஃபா தரவரிசையில் 150-க்கும் கீழே கிடந்த அணிக்காக அதைக் கொடுத்தார். 2013-ல் இந்தியச் சட்டையைப் போட்டபோது வயசு முப்பது. கிடைத்த மேட்ச்களும் கொஞ்சம்தான்.

வந்த ஊரையே சொந்த ஊராக்கிக்கறது நமக்குப் புதுசில்லை. ராஜபாளையம் ராஜுக்கள் சில நூறு வருஷத்துக்கு முன்னாடி ஆந்திரப் பக்கமிருந்து வந்தவங்கதானே? வீட்டுல இன்னிக்கும் தெலுங்கு. அங்கிருந்து போன பி.எஸ்.குமாரசாமி ராஜா 1949-ல் சென்னை மாகாணத்துக்கே முதல்வரானார். ஆனா அவங்க முன்னோர் யாரும் இங்கே வர்றதுக்காக எந்தக் காகிதத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கலை. அராட்டாவுக்கு அந்த சௌகரியம் இல்லை.

ஐ.எஸ்.எல். வந்தபிறகு 2015-ல் அட்லெடிகோ டி கொல்கத்தா, 2017-18-ல் மஞ்சள் கடலாகப் பொங்கும் கேரளா பிளாஸ்டர்ஸ் என்று ஆடினார். காலில் தெம்பு குறைந்ததும் கோச் ஆனார். நவி மும்பையில் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் யங் சேம்ப்ஸ் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. அங்கே கேமரா வெளிச்சமெல்லாம் கம்மி.

2025 நவம்பரில் ரயான் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்திய அணி முகாமுக்கு வந்தார். அப்போ பத்திரிகைகளெல்லாம் தேடி எடுத்த பெயர் அராட்டாதான். நடுவில் 13 வருஷம், வேற யாரும் இப்படிச் செய்யலை. அந்த பாஸ்போர்ட்டோட விலை என்னன்னு இதிலேயே தெரியுது இல்லையா?

அவர்கிட்டப் பழகின பசங்களுக்கு அந்த விலை கொடுக்கிற அவசியமே வராது. இங்கேயே பிறந்தவங்க. ஓடினா போதும்.