கடை ஊழியர்கள் உட்கார சட்டம் இருக்கு! முதலாளி செய்ய வேண்டியது என்ன?

ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்குக் காலையில் நின்றால் ராத்திரி ஷட்டர் இறங்கும் வரை நிற்பதுதான் வேலை. கால் வீக்கம், நரம்பு சுருட்டல், இடுப்பு வலி எல்லாம் இலவச இணைப்பு!

இதற்கு முடிவு கட்டவே 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. கேரளா 2018-லேயே முந்திக்கொண்டது. இதன்படி எல்லா ஊழியருக்கும் முதலாளி இருக்கை போட்டே ஆகவேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் "எந்திரி" என்று அதட்ட முடியாது.

1947-ம் ஆண்டு வந்த இந்தச் சட்டம் சொல்லும் மற்ற முக்கிய விஷயங்கள்:

* தினம் 8 மணி நேரம், வாரம் 48 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் போனால் ஓவர்டைம். அதற்கு டபுள் சம்பளம்.

* 4 மணி நேரம் வேலை பார்த்தால் 1 மணி நேரம் ஓய்வு.

* வாரம் ஒருநாள் லீவு. அதற்காக சம்பளத்தில் கை வைக்கக்கூடாது.

* 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை "நாளையிலிருந்து வராதே" என்று அனுப்ப முடியாது. தகுந்த காரணம் வேண்டும். அதோடு 1 மாத நோட்டீஸ் அல்லது 1 மாத சம்பளம் தரவேண்டும். தவறு செய்தது விசாரணையில் நிரூபணமானால் மட்டும் நோட்டீஸ் தேவையில்லை.

சொல்லிப் பார்த்தும் முதலாளி மசியவில்லையா? தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் தரலாம். ஐ.டி. கார்டு, சம்பள ரசீது, வேலைக்கு வந்த நேரம் குறித்த நோட்டு ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். "இவர் எங்க ஆளே இல்லை" என்று கடைக்காரர் கைவிரித்தால் அப்போது கைகொடுப்பது இவைதான்.