ஒரே பெயர், பல எழுத்து



திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் குன்னத்தூரில் என் வீட்டுக்கு வந்தார். "சார், யூதர்களோட ஹனுக்கா பண்டிகைக்குக் குழந்தைங்க துணி ஆர்டருங்க. இங்கிலீஷ்ல ஒரு பையர் 'எச்' போட்டு ஆரம்பிக்கறாங்க, இன்னொருத்தர் 'சி எச்' போடறாங்க. எதுங்க சார் சரி?" என்றார்.

இரண்டும் சரிதான் என்றேன். கி.மு. 164-இல் எருசலேம் கோயிலை மீட்டு, மறுபடியும் இறைவனுக்கு அர்ப்பணித்ததை நினைவுகூரும் பண்டிகை அது. எபிரேய மொழியில் அப்பெயரின் முதல் எழுத்து 'ஹெத்'. தொண்டையைச் செருமுவது போன்ற ஒலி. ஆங்கிலத்தில் அதற்கு எழுத்து இல்லை. அவரவர் காதுக்கு எட்டியதை எழுதினார்கள். நடுவில் 'கே' ஒன்றா இரண்டா என்பதும் அப்படி வந்த குழப்பமே.

நம் 'ழ'வுக்கும் இதே கதிதான். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 'எல்' எழுத்தின் கீழ் கோடு போட்டது. அலுவலகத் தட்டச்சில் கோட்டுக்கு எங்கே போவது? சிலர் 'எல்' என்றும் சிலர் 'இசட் எச்' என்றும் எழுதினார்கள். 'கீதா'வுக்கு வடக்கே 'டி' மட்டும் போதும். நாம் 'டி'யை 'ட'வுக்குக் கொடுத்துவிட்டதால், 'த'வுக்கு 'டி எச்' போடுகிறோம்.

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத ஆணை வெளியிட்டது. ஆங்கிலத்தில் 10 எழுத்தாக இருந்த கோயம்புத்தூர் 14 எழுத்தானது. எழுந்த விமர்சனத்தில் சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள்.

இதையெல்லாம் வகுப்பெடுப்பது போலச் சொல்லி முடித்தபோது, எனக்கே ஒன்று உறுத்தியது. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலில் தமிழ்ச்செல்வி என்ற மாணவியின் பெயரை 'இசட் எச்' போட்டு எழுதியவன் நான். தமிழ்ப்பற்று! அவள் பிறப்புச் சான்றிதழில் இருந்தது 'எல்'. பல வருடம் கழித்து, பாஸ்போர்ட்டுக்காக அந்தப் பிள்ளை அலையாத அலைச்சல் அலைந்தது. என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. இன்று இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், கண்ணு.

எழுத்தில் எது சரி என்று சண்டை வேண்டாம். உங்கள் பிள்ளைகளின் பெயரை எப்படி எழுதினாலும், எல்லாச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். தமிழில் மட்டும் பிழையில்லாமல் எழுதச் சொல்லிக் கொடுங்கள்.

வாழ்க நலமுடன்.